முப்பதாம் கிழமை

பிலியந்தலைக்கு அப்பால், பொல்கொட வாவிக்கரையில்
மரக்குற்றி போலச் சீமெந்தில் வார்த்த பதினான்கு குடில்கள்.
கணுவும் வெடிப்பும் கூட அச்சில் வந்தவை.
கறையான் ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டு
இறங்கிப் போனதாம்,
துப்புரவுக்கு நிற்கும் ரெஜினா அக்கா சொன்னா.

சறுக்குப் பாதையில் தண்ணீர் நின்று
பிளாஸ்டிக் யானையின் தும்பிக்கைக்குள்
குளவி கூடு கட்டிய வருசம்
கொள்ளுப்பிட்டிக் கந்தோரில் ஹிரான் ஓர் அட்டையை விரித்தான்.
குடிலை முழுசாக விற்றால் ஒருமுறை விற்கலாம்,
ஐம்பதாகப் பிளந்தால் ஐம்பது முறை.
மிச்சம் இரண்டு கிழமை
பெயின்ற்றுக்கும் பூச்சிமருந்துக்கும்.

என் வேலை தமிழாக்கம். பக்கத்துக்கு எழுநூறு ரூபாய்.
நேரப்பங்கு என்று எழுதி, வெட்டினேன்.
விடுமுறை உடைமை,
வாயில் வைக்கவே கூசியது.
நூற்றிருபதாம் இலக்க பஸ்ஸில்
பொரலஸ்கமுவ நெரிசலில் தொங்கியபடி நிற்கையில்
கேட்காமலே வந்தது சொல்:
கிழமை.
ஏழு நாளுக்கும் அதுதான்,
உரிமைக்கும் அதுதான்.
பத்தாம் வகுப்பில் நெட்டுருப் போட்டது,
ஆறாம் வேற்றுமை கிழமைப் பொருளில் வரும்.
என் பல், என் கை: தற்கிழமை.
என் மாடு, என் வீடு: பிறிதின் கிழமை,
அதாவது
பறித்துக்கொள்ளக் கூடியது.

அட்டையில் மூன்று நிறம்.
ஐப்பசி மழைக்கு நீலம், மலிவு.
மாசி, பங்குனி வெள்ளை.
ஜூலைக் கடைசி சிவப்பு, இரண்டு மடங்கு விலை.
ஏன் சிவப்பு என்று கேட்டேன்.
வெளிநாட்டில் பள்ளிக்கூடம் விடுமுறை, என்றான் ஹிரான்.
இருபத்தொன்பது வயது அவனுக்கு.
நல்ல பிள்ளை. எனக்கும் சேர்த்துத்தான் தேநீர் எடுப்பான்.

ஸ்காபரோவிலிருந்து வந்திருந்தார் இரத்தினசபாபதி.
குடிலைப் பார்க்கவில்லை. வாவியையும் பார்க்கவில்லை.
அட்டையைப் பார்த்தார்,
முப்பதின் மேல் விரலை வைத்தார்.
நீலத்தில் பாதி விலைக்கு இருக்கிறது ஐயா என்றேன்,
தரகுக்காரி சொல்லக்கூடாத வார்த்தை.
"தங்கச்சி, அந்தக் கிழமை
மெண்டிஸ் வீட்டுக் கோழிக்கூட்டுக்குப் பின்னால
மூன்று இரவு குந்தியிருந்தனாங்கள்.
பிறகு பள்ளிக்கூடம். பிறகு கப்பல்.
வீடு எங்கட வீதியில ஏழாவது.
இப்ப அதில பல்வைத்தியர் இருக்கிறார்,
போய் ஒரு பல்லுப் பிடுங்கிவிச்சனான்."
சிரித்தார்.
கடைவாயில் அந்த இடைவெளி.

முப்பத்துமூன்று வருட ஒப்பந்தம்.
அவருக்கு எழுபத்தாறு.
பதினான்காம் பிரிவை இரண்டுதரம் வாசித்தார்:
சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு நுழையலாம்,
அடுத்த சனி காலை பத்துக்கு வெளியேற வேண்டும்.
"முன்கூட்டியே நேரம் சொல்லுகினம், நல்லது"
என்று கையெழுத்து வைத்தார்.

அந்த ஜூலையில் அவர் வரவில்லை.
தொலைபேசியும் இல்லை.
ஆள் வராவிட்டால் நாளுக்கு வாடகைக்கு விடலாம் என்று
எங்கோ சிறிய எழுத்தில் இருந்தது,
நான்தான் தமிழில் எழுதியது.
ரெஜினா அக்கா அதை வாசிக்கவில்லை.
சனி இரண்டு மணிக்கு ஒன்பதாம் குடிலைத் திறந்தா,
விரிப்பு மாற்றினா, மின்விசிறியைப் போட்டா,
முன்விளக்கைப் போட்டா,
ஏழு இரவும் அணைக்கவில்லை.
அடுத்த சனி பத்துக்குப் பூட்டினா.

மின்கட்டணத் தாளோடு வந்தான் ஹிரான்:
ஆளில்லாத குடிலில் யார் இருந்தது?
அவருடைய கிழமை என்று சொல்லவேண்டும்.
சிங்களத்தில் சொன்னேன்.
அந்தச் சொல்லுக்குள்
ஏழு நாள் மட்டும்தான் இருந்தது.